பூச்சி மாத்திரையும் வெறுங்காலும்

நரம்புச் சிலந்திக்கு மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. காலில் கொப்புளம் கண்டு, அது உடைந்து, வெள்ளை நூல்போல் புழு தலைநீட்டும்போது குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுத்தெடுப்பதுதான் வைத்தியம். அந்த நோய் இன்று இந்தியாவில் இல்லை. கொக்கிப்புழுவுக்கு மருந்து உண்டு. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, ஒரே வேளை. கடையில் சில ரூபாய். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசம். அந்தப் புழு இன்னும் நம்மோடு இருக்கிறது. மருந்தில்லாத நோய் போய், மருந்துள்ள நோய் நிலைத்தது எப்படி? ஏழைக் கிராமங்களில் பூச்சி மாத்திரையோடு தொண்டு செய்யப் புறப்படுவோரின் வேலையை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். நான் எடுத்துக்கொள்வது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை. ஆனால் இங்கே பொருந்துவது தேனி மலையடிவாரத்துக்கும் தென்காசிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வெளியூர்க்காரருக்கு ராஜபாளையம் என்றால் பஞ்சாலையும் நாயும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும். புழுவுக்கு இந்த ஊர்கள் வேறு விதமாகத் தெரியும். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே, சாத்தூர் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காடு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் காயும். மேற்கே சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று மலையை ஒட்டிப் போனால் செம்மண், மணல் கலந்த மண், கண்மாய்ப் பாசன வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, பொரித்து, தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வளர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்கு ஈரமும் நிழலும் மணற்பாங்கும் வேண்டும். காய்ந்து வெடித்த கரிசலில் அது செத்துப்போகும். தோப்பு நிழலில் வாரக்கணக்கில் காத்திருக்கும். ஒரே மாவட்டத்துக்குள் கிழக்கும் மேற்கும் புழுவுக்கு ஒன்றல்ல. மாவட்டம் முழுமைக்கும் ஒரே சதவீதத்தை எழுதிவிட்டு நகரும் அறிக்கைகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான்.

காத்திருக்கும் புழு வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கு வழியாக நுழைகிறது. அங்கே சில நாள் அரிப்பு இருக்கும். சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து கடித்துத் தொங்குகிறது. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி லிட்டர் ரத்தம் குடிக்கும். கேட்கச் சொற்பம்தான். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லி. பல ஆண்டு உயிரோடிருக்கும் புழு அது. மாதவிடாயிலும் பிரசவத்திலும் ரத்தம் இழந்து, சோறும் ரசமுமாகச் சாப்பிட்டுக் களையெடுக்கப் போகும் ஒரு பெண்ணின் உடம்பு இந்த 3 மில்லியை எங்கிருந்து ஈடுகட்டும்? ‘அசதியா இருக்கு’, ‘நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குது’ என்றுதான் அவர் சொல்வார். அதை நோய் என்றுகூடச் சொல்லமாட்டார்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இத்தனைக்கும் புழுதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. இரும்புச்சத்தில்லாத உணவு, அடுத்தடுத்த பிரசவம், பி12 குறைவு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பூச்சி மருந்து கொடுத்தால் சோகை போய்விடும் என்று மேடையில் பேசுவோர் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். புழு ஒரு பங்காளி. பெரிய பங்காளியா, சின்னப் பங்காளியா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் வாய்வழியாக வருபவை. மண்பட்ட கை, கழுவாத காய் போதும். பிள்ளைகளின் ஆசனவாயில் ராத்திரி அரிப்பெடுக்க வைக்கும் கீரிப்பூச்சி நகத்திலும் பாயிலும் ஒட்டிப் பரவும். இனிப்புத் தின்றால் பூச்சி வைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல செய்தி.

மண்டபம் முகாமின் பாடம்

இந்த வட்டாரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் உள்ள உறவு நூறாண்டுப் பழையது. 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ஜான் டி. ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். அந்த வேலை 1913க்குப் பிறகு உலக நாடுகளுக்கு விரிந்தது. 1916இல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. தோட்டங்களில் பரிசோதித்தபோது மிகப் பெரும்பாலோரின் வயிற்றில் புழு இருந்தது. அவர்கள் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு போன கூலிகள். மலையகத்தின் ஈரமும் நிழலும், வரிசை லயன் வீடுகளும், கழிப்பறை இல்லாமையும் புழுவுக்கு வேண்டியதையெல்லாம் கொடுத்தன. தோட்ட முதலாளிகள் ஊரிலிருந்தே கூலிகள் புழுவைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். அதனால் கப்பலேறுவதற்கு முன் மண்டபம் முகாமிலேயே கூலிகளைத் தங்கவைத்து, அம்மை குத்தி, பூச்சி மருந்தும் கொடுத்து அனுப்பும் வழக்கம் வந்தது.

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அதில் சேர்ந்தது. 1985இல்தான் விருதுநகர் தனி மாவட்டம் ஆனது. ஆக, மண்டபமும் ராஜபாளையமும் அன்று ஒரே மாவட்டம். அப்போது கொடுத்தது கீனோபோடியம் எண்ணெயும் பிறகு கார்பன் டெட்ராகுளோரைடும், கூடவே பேதி மருந்தும். கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுக்கும் ரசாயனம். அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து. யாரும் விரும்பிக் குடித்திருக்க மாட்டார்கள். குடிக்காவிட்டால் கப்பலில்லை.

ராக்ஃபெல்லர் மருத்துவர்களின் திட்டத்தில் மருந்து முதல் படி மட்டுமே. மருந்தின் பலனைக் கண்ணால் கண்டதும் மக்களும் முதலாளிகளும் கழிப்பறை கட்ட முன்வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. முதலாளிகள் மருந்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆள் வேலைக்குத் தெம்பாக வருவது அவர்களுக்கும் லாபம். கழிப்பறை என்றதும் பின்வாங்கினார்கள், அது செலவு. மருந்து குடித்த தொழிலாளி அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தார். சில மாதத்தில் புழு திரும்பியது. இதைக் கண்ட பிறகுதான், மருந்தை மட்டும் நம்பாமல் பிரசவம், துப்புரவு, நோய்த்தடுப்பு எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் சேர்த்துச் செய்யும் சுகாதார அலகு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்திலும் இதே பாதையில்தான் வேலை போனது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் மூதாதை இது என்று சொல்லலாம்.

நூறாண்டுக்கு முன்பே தெரிந்துகொண்ட பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் இந்த வரலாற்றைப் படிக்கும்போது வரும் எரிச்சல்.

இடையில் ஒரு நல்ல காலம் உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, ராமநாதபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்கு விரிந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பது அதன் அடிப்படை. பூச்சி மருந்து, வைட்டமின் ஏ எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. நான் கவனிக்கச் சொல்வது மருந்தை அல்ல, அதைச் சுமந்தவர்களை. கிராமத்துக்கு ஓர் ஊட்டச்சத்துப் பணியாளர், அதே ஊர்ப் பெண். அவரோடு உள்ளூர்ப் பெண்கள் குழு ஒன்று. சத்துருண்டை பிடிப்பதிலிருந்து, எடைபோட வராத வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது வரை அந்தக் குழு செய்தது. எந்த வீட்டில் எந்தக் குழந்தை மெலிந்துகொண்டே போகிறது என்று அவர்களுக்கு ஏடு பார்க்காமலே தெரியும். தொண்டு என்று யாரும் பெயர் வைக்காத தொண்டு அது. இந்தியாவில் ஊட்டச்சத்துத் திட்டங்களைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாத்திரை நாள்

இப்போதைய ஏற்பாடு 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள். பிப்ரவரி 10, பிறகு ஆகஸ்டில் ஒரு நாள். ஒன்று முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பாதி மாத்திரை. விட்டுப்போனவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வயிற்றில் புழு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். மலப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மாத்திரையின் விலையைப்போலப் பல மடங்கு. மாத்திரையோ பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாதது. ஓர் ஊரில் ஐந்தில் ஒருவருக்குமேல் புழு இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டில் ஒருவருக்குமேல் இருந்தால் இரண்டுமுறை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதனால் பலன் உண்டா என்பதில் உலகம் இரண்டுபட்டு நின்றது. கென்யாவின் புசியா பகுதியில் 1998இல் தொடங்கி 75 பள்ளிகளில் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகேலும் செய்த ஆய்வு, பூச்சி மருந்து கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராத நாள்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. 2004இல் வெளியான அந்தக் கட்டுரைதான் உலகெங்கும் பள்ளிகளில் மாத்திரை கொடுக்கும் அலையைக் கிளப்பியது. கிரெமர் 2019இல் பொருளாதார நோபல் பெற்றார். ஆனால் 2015இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழுவினர், எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பதால் சராசரி எடையிலோ படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினர். நம் நாட்டிலேயே உத்தரப்பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளை வைத்து அங்கன்வாடி வழியாக ஐந்தாண்டு நடந்த டெவ்டா சோதனை, ஆறு மாதத்துக்கொரு முறை அல்பெண்டசோல் கொடுத்ததால் குழந்தை இறப்பு குறையவில்லை என்று 2013இல் காட்டியது. பிறகு 2021இல், கென்யாவில் அன்று மாத்திரை தின்ற பிள்ளைகளை இருபதாண்டு கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது அவர்களின் வருமானமும் செலவழிக்கும் சக்தியும் கூடியிருந்ததாக மற்றொரு கட்டுரை வந்தது.

இந்தச் சண்டையில் நான் எந்தக் கட்சியும் சேரவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. வயிறு நிறையப் புழு உள்ள பிள்ளைக்கு மாத்திரை பெரிய உதவி. புழு இல்லாத பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பலன் கரைந்துபோகும். ஆகவே எங்கே, யாரிடம் புழு அதிகம் என்று தெரிந்துகொள்வதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள உள்ளூர்க்காரர் வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டின் அனுபவம் முக்கியமானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஜவ்வாது மலைக் கிராமங்களில் பரிசோதித்தபோது பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் கொக்கிப்புழு இருந்தது. உருண்டைப்புழு குழந்தைகளிடம்தான் அதிகம். கொக்கிப்புழு அப்படியல்ல, வயது ஏற ஏற அதிகமாகி, வேலைக்குப் போகும் பெரியவர்களிடமே சேர்ந்திருக்கும். பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துவிட்டு, வயலுக்குப் போகும் அவன் அப்பாவையும் பாட்டியையும் விட்டுவிட்டால் மண்ணில் முட்டை விழுவது நிற்காது. இதைச் சோதிக்கத்தான் திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளிலும் பெனின், மலாவி நாடுகளிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதிக் கிராமங்களில் ஒரு வயதிலிருந்து கிழவர் வரை எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை, மூன்றாண்டு மாத்திரை. மறுபகுதியில் வழக்கம்போல் பிள்ளைகளுக்கு மட்டும். மாத்திரையாலேயே புழு பரவுவதை நிறுத்த முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டதே நம் திட்டத்தின் ஓட்டையைக் காட்டுகிறது.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழுவைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். கொக்கிப்புழுவை ஐந்தில் நான்கு பேரிடம் தீர்க்கும். சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்றுப்போகும். தீர்ந்த புழுவும் மண் மாறாவிட்டால் ஓராண்டுக்குள் திரும்பும்.

கழிப்பறை கட்டினால் மண் மாறிவிடுமா? ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. பாதிக் கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. வயிற்றுப்போக்கும் குறையவில்லை, புழுவும் குறையவில்லை. கழிப்பறை இருந்தது, எல்லோரும் போகவில்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறையில் விறகும் உரமூட்டையும் அடுக்கியிருப்பது நம் ஊர்களிலும் காணக்கூடியதுதான். ஆண்கள் கண்மாய்க்கரைக்கே போவார்கள். கேட்டால் ‘காத்தாட இருக்கு’ என்பார்கள். கண்மாய் நிறைந்து கரை ஈரமாயிருக்கும் ஐப்பசி கார்த்திகையில் புழுவுக்கும் அங்கே நல்ல காலம்.

செருப்பு இன்னொரு வழி. செருப்பு போடுவோரிடம் கொக்கிப்புழு குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணியும் தருகிறார்கள். ஆனால் சேற்றில் நாற்று நடும் பெண் எதைப் போடுவார்? தென்மாவட்ட ஊர்கள் பலவற்றில் தலித் மக்கள் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கக் கூடாதென்று இருந்த தடையையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைத்த சாதி, புழுவுக்கும் துணைபோனது. சுகாதாரத் துண்டறிக்கைகளில் இந்த வரி வருவதில்லை.

குளத்துப் படிக்கட்டில் வென்றது

நரம்புச் சிலந்திக்குத் திரும்புகிறேன். படிக்கிணற்றிலும் குளத்திலும் கால் வைத்து இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது, காலிலுள்ள புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் ஓராண்டு கழித்துப் புழு வெளிவரும். 1983-84இல் இந்தியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நாட்டில் ஏறத்தாழ 40,000 நோயாளிகள்; பாதிக்கப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முதலில் விடுபட்டதும் தமிழ்நாடுதான், 1980களின் முதற்பாதியிலேயே. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

எப்படி முடிந்தது? படிக்கிணற்றை மூடி, கைபம்பு போட்டார்கள். மூட முடியாத நீர்நிலையில் பூச்சிக்கொல்லி தெளித்தார்கள். தண்ணீரை நெருக்கமான துணியில் வடிகட்டச் சொன்னார்கள். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிகளின் சத்தம் கேட்டவருக்கு, ஒரு முழம் துணி எவ்வளவு பெரிய மருந்தாக முடியும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு வீடாகப் போய் யார் காலில் கொப்புளம் என்று தேடினார்கள். கண்டுபிடித்தவரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை என்று ஒன்று இருந்திருந்தால், கொடுத்துவிட்டோம் என்று போயிருப்பார்கள். அது இல்லாததால் தண்ணீரையும் மனிதரின் பழக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. கொக்கிப்புழு விஷயத்தில் மாத்திரை கையில் இருப்பதே நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது என்பது என் கட்சி.

முகாம்காரர்கள்

தொண்டு என்று வருவோரில் பல வகை. அரிமா, ரோட்டரி சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் ஏழு நாள் சிறப்பு முகாம். கோயில், தேவாலய, ஆலை அறக்கட்டளைகள். விடுமுறையில் பெட்டி நிறைய மாத்திரையோடு வரும் வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள். நல்ல மனசு எல்லோரிடமும் உண்டு. குறை வேறு இடத்தில். பந்தல் போட்டு, பேனர் கட்டி, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்தப் பிள்ளைகள் பத்து நாளைக்கு முன் பள்ளியில் இதே மாத்திரையைத் தின்றார்களா என்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் தின்றிருப்பார்கள். முகாமுக்கு நடந்து வரக்கூடியவர் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரக்கூடியவரே. வராதவர் எங்கும் வராதவர்.

அந்த வராதவர் யார்? தோப்புக்குள் குடிசை போட்டுக் காவலிருக்கும் குடும்பத்தின் பிள்ளை. செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போய்வரும் வீட்டின் பிள்ளை. ஆலைகளில் வேலைக்கு வந்த ஒடிசா, பிகார்க் குடும்பங்களின் கைக்குழந்தை. அதன் பெயர் எந்த அங்கன்வாடி ஏட்டிலும் இருக்காது. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் வாழும் பளியர் குடியிருப்புகளில், தேனெடுக்கக் காட்டுக்குப் போன பெற்றோரோடு போய்விட்ட பிள்ளை. முப்பது வயது தாண்டிய பெண். நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். திட்டத்தின் எந்த வயதுக் கட்டத்திலும் அடங்காதவர். கொக்கிப்புழு அதிகம் இருக்கக்கூடியதும் இவரிடம்தான்.

மாத்திரையைக் கையில் கொடுப்பதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல என்பதை யானைக்கால் நோய்க்கு ஆண்டுதோறும் டிஇசி மாத்திரை கொடுத்த காலத்திலேயே புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தினர் தமிழகக் கிராமங்களில் பார்த்துவிட்டார்கள். ஏட்டில் கொடுத்ததாக இருக்கும் எண்ணிக்கைக்கும் விழுங்கியவர் எண்ணிக்கைக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோன மாத்திரை கூரை எரவாணத்தில் தங்கியது. அதனால்தான் இப்போது பள்ளியில் கண்ணெதிரே மென்று விழுங்க வைக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணித்தால் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். இது வெறும் பயமல்ல, நடந்திருக்கிற ஆபத்து. காய்ச்சலாயிருக்கும் பிள்ளைக்கு அன்று கொடுக்கக் கூடாது. புழு நிறைய உள்ள பிள்ளைக்கு மாத்திரை தின்றதும் வயிறு வலிக்கலாம், குமட்டலாம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால் ‘மாத்திரை தின்ன பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு’ என்று ஒரே மணி நேரத்தில் ஊர் கூடிவிடும்; அடுத்த சுற்றில் யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். பயிற்சியில்லாத தொண்டர் ஒருவர் ஒரு நாளில் செய்யும் தவறை நர்சம்மா ஓராண்டு சுமக்க வேண்டிவரும்.

இன்னொன்று. நம் ஆடுகளுக்கு அடிக்கடி இதே குடும்பத்து மருந்தை ஊற்றியதில், அந்த மருந்துக்கு அடங்காத புழுக்கள் ஆட்டு மந்தைகளில் உருவாகிவிட்டன. மனிதரிடம் அது நடக்காதிருக்க வேண்டுமானால் கண்டபடி மாத்திரை இறைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரு சின்ன விலகல்: ராஜபாளையம் நாய் வளர்ப்போர் குட்டிக்கு எந்த வாரம், பெரிய நாய்க்கு எத்தனை மாதத்துக்கொரு முறை பூச்சி மருந்து என்று தேதி பிசகாமல் சொல்வார்கள். அதே தோட்டத்தில் களையெடுக்க வரும் பெண்ணுக்குக் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் தொண்டர்கள் வேண்டாமா? வேண்டும், மாத்திரை கொடுக்க அல்ல. மாத்திரை அரசிடம் இருக்கிறது, கொடுக்க ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இருக்கிறார்கள். ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பல ஊர்களைப் பார்க்கிறார். தடுப்பூசி, பிரசவம், கணினிப் பதிவு எல்லாம் அவர் தலையில். அவரால் முடியாதது தேடிப்போவது. 2018இல் மத்திய அரசு தொடங்கிய சோகை ஒழிப்புத் திட்டத்தில் கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் ஒரு வேளை பூச்சி மருந்து உண்டு, இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. கர்ப்பிணியல்லாத நடுவயதுப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்கும்; கேட்கப் போவதற்கு அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு நாளுக்கு வழி செய்வது ஒரு சங்கம் செய்யக்கூடிய வேலை. வேலைத்தளத்துக்கே செவிலியரை அழைத்துப்போக வண்டி கொடுப்பது, ஹீமோகுளோபின் பார்க்க ஏற்பாடு செய்வது, குறைவாக உள்ளவரை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது, தண்ணீர் வராத கழிப்பறைகளைக் கணக்கெடுத்து ஊராட்சியில் சொல்லி வரவைப்பது எல்லாமும் அப்படித்தான். இவற்றில் எதுவும் படத்துக்கு அழகாக வராது. ஆனால் கொட்டாம்பட்டிப் பெண்கள் குழு செய்தது இந்த மாதிரி வேலைதான்.

விருதுநகர் மாவட்டம் 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலில் உள்ளவை இதுவும் ராமநாதபுரமும் மட்டுமே. 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மலையடிவார ஒன்றியங்களில் பெரியவர்களின் மலத்தைப் பரிசோதித்து, ஊர்வாரியாகக் கொக்கிப்புழுவின் கணக்கை எடுக்க நுண்ணோக்கியும் மாணவரும் இப்போது மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏழு நாள் முகாமில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதைவிட, வீடு வீடாகப் போய் மாதிரி சேகரிக்க உதவினால், எந்தத் தோப்பு, எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். அது தெரிந்தபின் எல்லோருக்கும் கொடுப்பதா, சிலருக்கு மட்டுமா என்ற உலகச் சண்டை இந்த வட்டாரத்துக்குத் தேவைப்படாது.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அடுத்த மருத்துவ முகாமுக்குத் தேதி குறித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போன சுற்றில் மாத்திரை தின்னாமல் விட்டுப்போனவர்களின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால், அதைத் தயாரித்துக் கொடுப்பதுதான் உங்கள் முகாம்.